தோற்பது வேறு, ஓடாதிருப்பது வேறு

திறமை குறைந்தவன் சோம்பியிருந்தால் அவனைக் கண்டிக்க யாரும் அஞ்சுவதில்லை. திறமை மிக்கவன் சோம்பியிருந்தால்? அவனில்லாமல் காரியம் நடவாது என்று எல்லாரும் அறிந்திருக்கையில் அவனைத் திருத்த யார் முன்வருவார்? முன்வருபவர் எந்த வழியில் திருத்துவார்? வீட்டிலும் வேலைத்தலத்திலும் நாளாந்தம் எழுகின்ற கேள்விதான் இது. அக்கேள்வி ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, திறந்த வெளியில் எழுந்த இரு சந்தர்ப்பங்கள் அமெரிக்காவின் பேஸ்போல் வரலாற்றில் உண்டு. அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

பேஸ்போல் நம்மவர்க்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். ஆயினும் எல்லே விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் போக்கு எளிதில் விளங்கும். பந்தை அடித்தவர் 90 அடி தொலைவிலுள்ள முதலாம் தளத்தை நோக்கி ஓட வேண்டும். அவர் போய்ச் சேருமுன் எதிரணியினர் பந்தை அங்கு எறிந்து சேர்த்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். பந்து நிலத்தில் உருண்டு ஒரு தடுப்பு வீரரின் கைக்கே போனால், அடித்தவர் பெரும்பாலும் ஆட்டமிழந்துதான் போவார். அது அவருக்கும் தெரியும். ஒரு பருவகாலத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டியவர்; உடல் களைத்திருக்கும். எப்படியும் போய்ச் சேர முடியாத இடத்துக்கு ஏன் ஓட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், தடுப்பவர் ஒருவேளை பந்தைத் தவறவிடலாம். அவசரத்தில் பிழையாக எறியலாம். அந்த ‘ஒருவேளை’க்காக முழுமூச்சோடு ஓடுவதை அமெரிக்கர் ‘ஹசில்’ என்று அழைக்கின்றனர். தம்மைத் தாண்டிச் செல்லும் பந்தைத் தடுப்பு வீரர் விடாது துரத்துவதும் இதில் அடங்கும்.

பலன் நிச்சயமானபோது உழைப்பவர் பலர். பலன் வராது என்று தோன்றும்போதும் உழைப்பவர் சிலர். ஹசில் என்பது இந்த இரண்டாவது வகை உழைப்பு. இதற்குத் தனித் திறமை வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும். அதனாலேயே இதில் குறைவு நேரும்போது பார்ப்பவர்களுக்குக் கோபம் வருகின்றது. முடியாதவனை மன்னிக்கின்ற மனம், முடிந்தும் செய்யாதவனை மன்னிக்கத் தயங்குகின்றது.

இந்த ஆட்டத்தில் அணியை நடத்துபவர் முகாமையாளர். கிரிக்கெட்டில் அணித்தலைவர் களத்தில் நின்று செய்வதை, இவர் ஓரத்தில் இருந்து செய்கின்றார். யாரை ஆடவிடுவது, யாரை மாற்றுவது என்பது அவர் பொறுப்பு. ஒருமுறை மாற்றப்பட்டவர் அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது.

1969ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி, நியூயோர்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் மெற்ஸ் அணியும் ஹூஸ்ரன் அஸ்ரோஸ் அணியும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடின. முதல் ஆட்டத்தில் மெற்ஸ் அணிக்கு 16–3 என்று படுதோல்வி. இரண்டாம் ஆட்டத்திலும் மூன்றாவது இன்னிங்ஸிலேயே எதிரணி ஓட்டங்களைக் குவித்துக்கொண்டிருந்தது. மழையால் நிலம் ஊறியிருந்தது. அவ்வேளை ஹூஸ்ரன் வீரர் ஒருவர் அடித்த பந்து இடதுபுற வெளிக்களத்துக்குச் சென்றது. அங்கு நின்றவர் கிளியோன் ஜோன்ஸ். அவ்வாண்டு மெற்ஸ் அணியில் அவரைப் போல் அடித்தாடியவர் எவருமில்லை. அவர் பந்தை நோக்கி விரையவில்லை. எடுத்து எறிந்ததிலும் வேகம் இல்லை. அடித்தவர் இரண்டாம் தளத்தை அடைந்துவிட்டார்.

முகாமையாளர் கில் ஹொட்ஜஸ் எழுந்து களத்துக்குள் நடந்தார். பந்து வீசுபவரை மாற்றப் போகின்றார் என்று எல்லாரும் எண்ணினர். அவரைக் கடந்து நடந்தார். அடுத்து நின்ற தடுப்பு வீரரையும் கடந்தார். அவசரமின்றி, தலையை நிமிர்த்தாமல், இடதுபுற வெளிக்களம் வரை சென்று ஜோன்ஸ் முன் நின்றார். அங்கு நடந்த பேச்சை ஜோன்ஸ் பின்னாளில் கூறியிருக்கின்றார். பந்தைத் துரத்திய விதம் தமக்குப் பிடிக்கவில்லை என்றார் ஹொட்ஜஸ். தமது கணுக்காலில் நோவு இருப்பதை முன்னரே சொல்லியிருந்ததை ஜோன்ஸ் நினைவூட்டினார். குனிந்து நிலத்தைப் பார்க்கும்படியும் சொன்னார். ஹொட்ஜஸ் பார்த்தார். பாதங்கள் தண்ணீரில் நின்றன. கால் நோவென்றால் நீ வெளியே வருவதே நல்லது என்றார் அவர். இருவருமாகத் திரும்பி நடந்தனர். ஆட்டம் முடிந்தபின் பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, காலில் காயம் என்பதற்கு மேல் ஹொட்ஜஸ் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்திலும் மெற்ஸ் 11–5 என்று தோற்றது.

இந்த ஹொட்ஜஸ் யார்? தம் இளமையில் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் புகழ்பெற்ற வீரர், கத்தோலிக்கர். 1952ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களில் 21 முறை துடுப்பெடுத்து ஒரு முறையேனும் அவரால் வெற்றிகரமாக அடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய மேடையில் அதைவிடப் பெரிய தோல்வி ஒரு வீரருக்கு வர முடியாது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அந்தத் தளர்ச்சி நீடித்தது. ஆனால், புரூக்ளின் மக்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிடவில்லை. அவர் களத்தில் இறங்கியபோதெல்லாம் கைதட்டினர்; கடிதம் எழுதினர். வெக்கை மிகுந்த ஒரு ஞாயிறன்று, அவ்வூர்க் கோவிலொன்றின் குருவானவர் பிரசங்கத்தை விட்டுவிட்டு, கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், ஹொட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று மட்டும் கூறி முடித்தாராம். அந்த ஆண்டு ஹொட்ஜஸ் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் ‘ஹோம் ரன்’ அடிகள் 31 அடித்தார்.

அம்மக்கள் ஏன் அவரை ஏசவில்லை? அவர் முயலவில்லை என்று ஒருவராலும் சொல்ல முடியாதிருந்தது. தோற்பது வேறு, ஓடாதிருப்பது வேறு என்பதை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தனர். அந்த வேறுபாட்டைத் தம் உடம்பிலேயே அனுபவித்த ஒருவர்தான் 17 ஆண்டுகளின் பின் ஈரநிலத்தில் ஜோன்ஸை நோக்கி நடந்தார். ஜோன்ஸ் பந்தைத் தவறவிட்டிருந்தால் அவர் எழுந்திருக்கமாட்டார் என்றே நாம் எண்ணலாம்.

இனி இரண்டாவது சந்தர்ப்பம். 1977ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி, பொஸ்ரன் நகரில் நியூயோர்க் யாங்கீஸ் அணி ஆடிக்கொண்டிருந்தது. அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. ஆறாவது இன்னிங்ஸில் பொஸ்ரன் வீரர் ஜிம் றைஸ் அடித்த பந்து, வலதுபுறம் நின்ற றெஜி ஜக்சனின் முன்னால் விழுந்தது. ஜக்சன் அதை நோக்கி மெதுவாகவே வந்தார். றைஸ் இரண்டாம் தளத்தை எட்டிவிட்டார். யாங்கீஸ் முகாமையாளர் பில்லி மார்ட்டின் உடனே போல் பிளெயர் என்ற மாற்று வீரரைக் களத்துக்கு அனுப்பினார். தம்மை எதற்காக அழைக்கின்றனர் என்று விளங்காமல் ஓரத்துக்கு வந்த ஜக்சனோடு மார்ட்டின் கடும் வாக்குவாதத்தில் இறங்கினார். கைகலப்பு நேராதபடி யோகி பெராவும் எல்ஸ்ரன் ஹவர்ட்டும் மார்ட்டினைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தாம் சோம்பியிருக்கவில்லை என்று ஜக்சன் மறுத்தார். அணியை அவமதிக்கும் வீரனைத் தாமும் அவமதிப்பதாக மார்ட்டின் நியாயம் சொன்னார்.

இவ்விரண்டில் எது சரி? விளைவைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம் என்றால், அங்கு நாம் ஏமாந்துபோவோம். 1969இல் மெற்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. 1977இல் யாங்கீஸ் அணியும் வென்றது. அதுமட்டுமன்று, அத்தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஜக்சன் மூன்று வெவ்வேறு பந்து வீச்சாளர்களின் முதல் பந்துகளையே அடித்து மூன்று ஹோம் ரன் பெற்றார். சாந்தமான கண்டிப்பும் வென்றது. சினந்த கண்டிப்பும் வென்றது. வெற்றி ஒரு செயலை நல்லதாக்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே செயலையே பார்க்க வேண்டும். சிறந்த வீரர் என்பதற்காக இருவருமே விலக்கு அளிக்கவில்லை. இதில் மார்ட்டினும் நியாயமே செய்தார். நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம், வாங்கிலில் காத்திருப்பவனுக்கு ஒரு சட்டம் என்று வந்துவிட்டால் அணி என்ற சொல்லுக்கே பொருளில்லை.

வேறுபாடு அதற்குப் பின்னர் வருகின்றது. ஹொட்ஜஸ் தாமே நடந்து சென்றார். மார்ட்டின் வேறொருவரை அனுப்பினார். ஹொட்ஜஸ் தம் குறையைச் சொன்னபின் மறுமொழியைக் கேட்டார், குனிந்தும் பார்த்தார். மார்ட்டின் கேட்குமுன்னரே தீர்த்துவிட்டார். ஜக்சனை அணியில் சேர்க்க ஆசைப்பட்டவர் உரிமையாளர். மார்ட்டினுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. அந்தப் பழைய மனக்கசப்பும் அன்றைய கண்டிப்புக்குள் புகுந்துகொண்டது. ஜோன்ஸ், ஜக்சன் இருவரும் கறுப்பினத்தவர். முகாமையாளர் இருவரும் வெள்ளையர். அக்கால அமெரிக்காவில் பலர் முன்னிலையில் நேரும் தலைகுனிவு இதனால் இன்னும் கனத்தது என்பதையும் மறக்கலாகாது.

ஹொட்ஜஸின் நடையும் பலர் பார்க்க நிகழ்ந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஜோன்ஸுக்கு அது நோகாமல் இருந்திராது. அதைக் குறையற்ற முறை என்று சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பி வரும்போது ஜோன்ஸ் தனியே வரவில்லை. பிறர் கேட்டபோது அவருடைய மானம் காக்கப்பட்டது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதே ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, பால்ரிமோர் ஓறியோல்ஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம். மெற்ஸ் 3–0 என்று பின்னின்றது. ஜோன்ஸுக்கு வீசப்பட்ட பந்து அவர் காலில் பட்டதாக மெற்ஸ் அணியினர் சொல்ல, நடுவர் மறுத்தார். காலில் பட்டால் வீரருக்கு முதலாம் தளம் உரியது. அப்போது ஹொட்ஜஸ் மறுபடியும் எழுந்து களத்துக்குள் நடந்தார். கையில் பந்து; அதில் சப்பாத்து மை. நடுவர் பார்த்துத் தீர்ப்பை மாற்றினார். அந்த மை பற்றிப் பின்னாளில் வேறு கதைகளும் உலாவின. பந்து தம் காலில் பட்டது என்பதில் ஜோன்ஸ் உறுதியாக நின்றார். அடுத்து வந்த டொன் கிளென்டெனன் ஹோம் ரன் அடிக்க, மெற்ஸ் மீண்டெழுந்து 5–3 என்று வென்றது. தொடரின் கடைசிப் பந்தைப் பிடித்து ஒரு முழங்காலை மடித்தவர் கிளியோன் ஜோன்ஸ்.

யூலையில் ஜோன்ஸைத் திருத்த நடந்த அதே கால்கள், ஒக்டோபரில் ஜோன்ஸுக்காக வாதாட நடந்தன. கண்டிக்கும் உரிமை எங்கிருந்து வருகின்றது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கின்றது. மார்ட்டின்–ஜக்சன் பிணக்கோ 1978 யூலையில் மீண்டும் வெடித்தது. சைகையை மீறி ஆடியதற்காக ஜக்சன் இடைநிறுத்தப்பட்டார். சில நாட்களில் அவரையும் உரிமையாளரையும் பற்றிச் சொன்ன ஒரு சொல்லினால் மார்ட்டினே கண்ணீரோடு பதவி விலக நேர்ந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஓடுவதையே முழு ஒழுக்கமாகக் கொள்வதும் தவறு. ஹசில் என்ற சொல்லையே பட்டப்பெயராகப் பெற்ற ஒருவர் உண்டு. அவர் பீற் றோஸ். பந்து அடிக்காமலே முதலாம் தளம் கிடைக்கும்போது மற்றவர்கள் நடந்து செல்வர். அவர் அதற்கும் ஓடுவார். 1963இல் கேலியாக வைக்கப்பட்ட பெயர், பின்னர் புகழாக மாறியது. அவர் பெற்ற 4,256 அடிகளை இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஆயினும், தாம் முகாமையாளராக இருந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியவர் அவர். 1989இல் விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டார். 2004ஆம் ஆண்டு வரை உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை. 2024இல் அவர் இறந்தபின், 2025இலேயே அந்தத் தடை நீக்கப்பட்டது. கால் ஓடிய வேகத்துக்கு மனச்சாட்சி ஓடவில்லை. மறுபுறம், மெதுவாக நடப்பவன் எல்லாம் சோம்பேறியுமல்லன். அவன் கணுக்கால் வீங்கியிருக்கலாம், அவன் நிற்கும் நிலம் தண்ணீராயிருக்கலாம். தூரத்திலிருந்து அது தெரியாது. கிட்டப் போனால்தான் தெரியும்.

கில் ஹொட்ஜஸ் 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று மாரடைப்பால் இறந்தார். 48 வயது நிறைய இரண்டு நாட்கள் இருந்தன. பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2022இல்தான்.

பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் குந்தியிருப்பதைக் காணும் தகப்பன், கெட்டிக்கார மாணவன் அரைமனதாக எழுதிய கொப்பியைத் திருப்பும் ஆசிரியர், நல்ல வேலைகாரன் கைசோர்ந்து நிற்பதைப் பார்க்கும் மேற்பார்வையாளர், எல்லாருக்கும் ஒருநாள் அந்த நடை நடக்க வேண்டி வரும். நடக்காமல் விடுவது அன்பாகாது. ஆனால் இருந்த இடத்திலிருந்து சத்தமிடாமல் எழுந்து கிட்டப் போவோம். அவன் காலடியில் தண்ணீர் நிற்கின்றதா என்று குனிந்து பார்ப்போம். திரும்பும்போது அவனோடு சேர்ந்து திரும்புவோம். நாளைக்கு அவனுக்காக நடக்க மனமுள்ளவனே இன்று அவனை நோக்கி நடக்கட்டும்.