பூட்டும் பொச்சாப்பும்

மறதி குற்றமா? குற்றமெனில், அது யாருடைய குற்றம்? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்வியை, மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவின் கடைத்தெருவில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்திலிருந்து நாம் தொடங்கினாலும் தவறில்லை. பெரிய கேள்விகள் சிறிய பொருள்களில் வந்து தங்குவது உலக வழக்கு.

அந்தச் சக்கரத்தின் பிரேக் தட்டில் உள்ள துளையொன்றில் கைக்கடக்கமான பூட்டு ஒன்று மாட்டப்பட்டிருக்கும். வண்டிக்காரர் அதனைக் கழற்ற மறந்து புறப்பட்டால், சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுமுன்னரே பூட்டு முன்பாகத்தில் மோதும். சக்கரம் நின்றுவிடும், வண்டி சாயும். தட்டு வளைவதும், கால் வண்டியின்கீழ் அகப்படுவதும், பின்னிருந்த குழந்தை தெருவில் விழுவதும் கணப்பொழுதில் நடந்தேறும். சக்கரத்தின் ஊடே கோத்த சங்கிலியை மறந்தாலும் இதே கதிதான். திருடனைத் தடுக்க வந்த காவல் உரியவனையே வீழ்த்திவிடுகிறது.

ஏன் பூட்டுகிறோம்? இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். பஸ் எட்டாத பாதைகளில் வயலுக்கும் தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செல்வோருக்கு அதுவே கால். பலருக்கு அது லீசிங் தவணையில் வந்த பொருள். வண்டி களவு போனால் அன்றைய பிழைப்பும் உடன் போகும். காப்புறுதிப் பணம் வந்து சேரும்வரை தவணைத் தேதி காத்திராது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறை புகுத்தப்பட்டபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டது. தாங்கியில் கிடந்த எரிபொருளையும் காத்து நிற்க வேண்டியிருந்த காலம் அது. ஆகவே பூட்டு என்பது பேராசையின் சின்னமன்று. இழப்பதற்கு ஒன்றே ஒன்றை உடையவனின் அச்சம் அது.

விழுந்தவனைப் பார்த்துத் தெரு சிரிக்கிறது. "கண் இல்லையா?" என்று கேட்கிறது. பின்னர் "கவனக்குறைவு" என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அச்சொல்லைச் சற்றே நிறுத்தி வைத்து ஆராய்வோம்.

கவனமின்மையால் விளைந்த அறியாமையையும் சட்டமியற்றுவோர் தண்டிப்பதை அரிஸ்டாட்டில் தம் அறநூலில் எடுத்துக்காட்டுகிறார். கவனம் கொள்ளும் ஆற்றல் அம்மனிதனிடமே இருந்தது என்பது அதற்கு அவர் கூறும் காரணம். நமது வள்ளுவரோ பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை அவர் பொருட்பாலில், அரசியற் பகுதியில் வைத்ததை நாம் கவனிக்க வேண்டும். அவர் முதலில் எச்சரிப்பது களிப்பின் மிகுதியால், வெற்றியின் செருக்கால் வரும் சோர்வை. அதாவது, அதிகாரத்தில் இருப்பவனின் மறதியை. அதே அதிகாரத்தில், நாள்தோறும் தொடரும் வறுமை அறிவைக் கொல்லும் என்பதையும் அவர் உவமையாகக் கையாளுகிறார். பல்லேபொலவில் விழுந்தவனின் மறதி எந்த வகை? விடியுமுன் எழுந்து, இரு வேலை பார்த்து, கடன் கணக்கைத் தலையில் சுமந்தபடி வண்டியை உதைப்பவனுக்கு மறதியைத் தருவது களைப்பு. களிப்புக்கு அங்கே இடமேது? அரசனுக்குச் சொன்ன கண்டிப்பை உழைப்பவன்மேல் ஏற்றுவது நீதியாகுமா?

இந்த வேறுபாட்டைத் தொழிலாளர் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், மதுமயக்கம், வேண்டுமென்றே விதியை மீறல், வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தை அகற்றல் ஆகியவற்றைக் காயத்துக்கான ஈட்டுக்கு விலக்குகளாக வைத்தது. வெறும் மறதி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்பவன் ஒரு கணம் மறப்பான் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் தெரு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியாயின் மறந்தவனுக்குப் பொறுப்பே இல்லையா? அவ்வாறு கூறினால், அவன் பின்னால் அமர்ந்திருந்த குழந்தைக்கு நாம் என்ன விடை சொல்வோம்? பொறுப்பு இருக்கிறது, அது இருக்கும் இடத்தைத்தான் நாம் தவறாகத் தேடுகிறோம். மறந்த கணத்தில் மனிதன் தான் மறந்ததை அறியான். அறியாத ஒன்றை அக்கணத்தில் திருத்தவும் இயலாது. பொறுப்பு அதற்கு முந்திய கணத்தில் இருக்கிறது. தான் மறக்கக்கூடியவன் என்று தெளிந்த மனத்தோடு அறிந்திருந்த பொழுதில் அவன் என்ன ஏற்பாடு செய்தான் என்பதே கேள்வி.

வரலாறு இதற்கு ஒரு சான்று தருகிறது. 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தின் நோரிச் நகரருகே, தோர்ப் என்னுமிடத்தில், ஊழியரிடையே நேர்ந்த தகவல் குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் எதிரெதிரே மோதி 25 பேர் மாண்டனர். "இனிக் கவனமாயிருங்கள்" என்ற உபதேசத்தோடு அது முடியவில்லை. எட்வர்ட் டயர் என்பவர் 1878 இல் டேப்லட் முறையை உருவாக்கினார். ஒரு பகுதிக்கு ஒரு வேளையில் ஒரே வில்லையைத்தான் கருவியிலிருந்து எடுக்க முடியும். அது கையில் இல்லாத ரயில் அப்பகுதியில் நுழையலாகாது. நமது மலையக ரயில் பாதையிலும் அம்முறை நெடுங்காலம் வழங்கியது. தலையில் இருந்த நினைவு அங்கே பொருளுக்கு மாற்றப்பட்டது.

பூட்டுக்கும் இவ்வழி உண்டு. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு சுருள் கயிறு. அதன் ஒரு முனை பூட்டில், மறுமுனை கைபிடியில். புறப்படக் கை வைத்தவுடன் கயிறு எதிர்ப்படும். கயிறு இல்லாதவர் பூட்டின் சாவியை வண்டிச் சாவியோடு கோத்து வைக்கலாம். ஒரு சிவப்புத் துணியைக் கைபிடியில் கட்டலாம். பூட்டை விற்பவர் அக்கயிற்றையும் சேர்த்தே கொடுப்பது கடமையாக வேண்டாமா? வாங்குபவனின் மறதி முன்பே அறியப்பட்ட ஒன்றெனில், அதற்கு வழி செய்யாத வாணிபத்துக்கும் குற்றத்தில் பங்குண்டு.

இன்னொரு கயிறும் உண்டு. தாங்குகால் மடிக்காமல் ஓடும் வண்டியைக் கண்டால், முன்பின் அறியாதவரும் கைகாட்டிக் கூவுவதை நமது தெருக்கள் எங்கும் காண்கிறோம். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் மாத்தளை மாவட்டத்தில் அந்தக் கைச்சைகைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. கூவியவர் நன்றியை எதிர்பார்த்து நிற்பதுமில்லை. ஒருவன் மறந்ததை மற்றொருவன் நினைவில் வைத்திருப்பதே சமுதாயம் என்பதன் முதற்பொருள்.

விழுந்தபின் சிரிப்பதற்கு ஒரு கணமும் அறிவு வேண்டாம். விழுமுன் கூவுவதற்குக் கண் திறந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணை வகுப்பறையிலும் தெருவிலும் தொழிற்சாலையிலும் வளர்ப்பது நம் எல்லோருக்கும் உரிய பணி.