ஏற்றமும் இசைவும்

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் பெருவீதி மாவனல்லையைக் கடந்ததும் கடுகண்ணாவைக் கணவாயை நோக்கி வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. துவிச்சக்கரவண்டியில் அவ்வேற்றத்தை ஏறும் இளைஞர் உளர். லொறிகள் புகை கக்கி முந்திச் செல்ல, மூச்சு முட்ட மிதித்து உச்சியை அடைவோரின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி பொய்யன்று. பேருந்திலே எளிதாகச் சென்றடையக்கூடிய ஓரிடத்தை இவ்வளவு துன்புற்று அடைவதில் இன்பம் பிறப்பது எங்ஙனம்? துன்பத்துக்குத் தன்னளவிலேயே ஒரு மேன்மை உண்டு என்பர் பலர். அவ்விடையை அந்த வீதியின் வரலாறே மறுக்கிறது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1818இல் கிளர்ச்சியை அடக்கிய ஆட்சியாளருக்கு மலைநாட்டுக்குப் படைகளை விரைந்து அனுப்ப வழி தேவைப்பட்டது. 1820களில் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் இவ்வீதியை அமைப்பித்தார். ஆள் திரட்ட அவருக்குக் கைகொடுத்தது இராசகாரியம். நிலம் பெற்றோர் மன்னனுக்கு ஆற்றிய ஊழியமாயிருந்த அவ்வழக்கம், அந்நியனுக்குச் செய்யும் கட்டாய வேலையாக மாறியது. மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்றொரு ஐதீகம் நிலவியதாகவும், அதனாலேயே கடுகண்ணாவையிற் பாறை குடையப்பட்டதாகவும் கூறுவர். கதை எதுவாயினும், தம் தோல்வியை உறுதிப்படுத்தும் பாதையைத் தம் கைகளாலேயே வெட்டியவர்களின் மனநிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். கணவாயில் நிற்கும் கோபுரமோ 1829இல் இறந்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்குரியது. நண்பர்களும் அபிமானிகளும் பணம் சேர்த்து 1832இல் எழுப்பியது. அவருடைய அறிவையும் திறமையையும் கல்வெட்டுப் போற்றுகிறது. பாறை உடைத்தோர் பெயர் அதில் இல்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே.

மலைச் சரிவு ஒன்றே; வியர்வையும் ஒன்றே. துவிச்சக்கரவண்டிக்காரன் எந்த வளைவிலும் இறங்கி, இளநீர் அருந்தி, வீடு திரும்பலாம். பாறை உடைத்தவனுக்கு அந்த உரிமை இல்லை. ஏற்றத்துக்கு மதிப்பளிப்பது அதன் கடுமையன்று, ஏறுபவனின் இசைவே.

ஆயினும் இசைவு என்பது அத்துணைத் தெளிவான பொருளன்று. பிரான்சின் பெரும் துவிச்சக்கரவண்டிப் போட்டி 1910இல் முதன்முறையாக 2,115 மீற்றர் உயரமுள்ள தூர்மலேக் கணவாயைக் கடந்தது. அன்று முன்னணியில் நின்ற ஒக்டாவ் லாபீஸ், வழியிற் கண்ட அமைப்பாளர்களைக் கொலைகாரர் என்று ஏசினாராம். அவரை எவரும் சவுக்கால் ஓட்டவில்லை, பிழைப்பு ஓட்டியது. மறுபுறம், படுக்கையிற் கிடக்கும் தாயைப் பேணும் மகள் அச்சுமையைத் தேடிப் பெற்றவளல்லள். ஆயினும் அதன் நோக்கம் அவளுடையது. எனவே இசைவு என்பது வெறும் தெரிவு அன்று. செய்யும் வேலையின் நோக்கத்தை ஒருவர் தமதென்று கொள்ள இயலுமா என்பதே வினா.

இவ்வினா பழங்கதை பற்றியதன்று. வீதி திறந்துவிட்ட மலைகளிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. அவற்றுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மடிந்தோர் பலர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விழா மேடைகளில் அவர்களைப் பேசும்போது, இரத்தத்தைத் தேயிலைக்கு உரமாக்கிய தியாகிகள் என்று முழங்குதல் வழக்கம். கைதட்டலும் தவறாமற் கிடைக்கும். தியாகம் என்பது கொடுப்பவன் அறிந்து கொடுப்பது. பறிக்கப்பட்டதைக் கொடை என்று பாராட்டினால் பறித்தவன் மறைந்துபோகிறான், கணக்கும் தீர்ந்ததாகிவிடுகிறது. அத்தியாகிகளின் மக்களைத்தான் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் முடிவு பின்னுக்கு ஒத்திவைக்கப்பட்டது. எந்நாட்டில் வாழ விருப்பம் என்று அவர்களைக் கேட்ட பின்னர் எழுதப்பட்ட எண்களல்ல அவை.