தோற்பவருக்கு எத்துணைத் தவணை?

1989-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில், ரசிகர் ஒருவர் பழைய படுக்கை விரிப்பொன்றில் தாம் எழுதி வந்த வாசகத்தை உயர்த்திப் பிடித்தார். மூன்றாண்டுகளாகச் சாக்குச் சொன்னது போதும், இனிப் போய் வாரும் என்பது அதன் கருத்து. அவர் எழுதியிருந்த சொற்கள் இவ்வளவு மரியாதையானவை அல்ல. அவ்வாசகம் குறித்தது மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மானேஜர் அலெக்ஸ் பெர்குசனை.

இங்கிலாந்துக் காற்பந்தாட்டத்தில் மானேஜர் என்பவர் கணக்கும் கடிதமும் பார்க்கும் நிர்வாகி அல்லர். ஆட்டக்காரரைப் பயிற்றுவதும், இன்றைய ஆட்டத்தில் எவர் இறங்குவது, எவர் வெளியே அமர்வது என்று தீர்ப்பதும் அவர் பொறுப்பு. பெர்குசனின் காலத்தில் எவரை வாங்குவது, எவரை விற்பது என்பதிலும் அவர் சொல்லே பெரிது. வெற்றி வந்தால் புகழை ஆட்டக்காரர் பகிர்ந்துகொள்வர். தோல்வி வந்தால் அது அவர் ஒருவருக்கே உரியது.

பெர்குசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். முதற் பருவத்தில் கழகம் பதினோராம் இடம். அடுத்ததில் இரண்டாம் இடம். அதற்கடுத்து மீண்டும் பதினொன்று. 1989–90 இல் பதின்மூன்று. 1990 ஜனவரி 7 அன்று நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்துடன் எஃப்.ஏ. கோப்பைக்கான ஆட்டம். அதில் தோற்றால் அவர் வேலை போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதின. மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் அடித்த ஒரே கோலால் யுனைடெட் வென்றது. அவ்வாண்டு மே மாதத்தில் கோப்பையும் கைக்கு வந்தது. 1993 இல், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், லீக் பட்டம் வந்தது. 2013 இல் அவர் ஓய்வு பெற்றபோது பதின்மூன்று லீக் பட்டங்கள் அவர் கணக்கில் இருந்தன.

இந்த வரலாறு இப்போது ஒரு வாடிக்கையான வாதமாகிவிட்டது. எந்தக் கழகத்தில் எந்தப் புது மானேஜர் தடுமாறினாலும், அவர் சார்பில் பேசுவோர் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். நம் இல்லங்களிலும் சனிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒருவன் ‘துரத்த வேண்டும்’ என்பதும், மற்றவன் ‘பெர்குசனுக்கு எத்தனை ஆண்டு கொடுத்தார்கள்?’ என்பதும் கேட்கிறோம். இரண்டாமவன் பேச்சு நல்ல மனத்திலிருந்து வருவது. ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. அவகாசம் பெற்று வென்றவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவகாசம் பெற்றும் தோற்றவரை எவரும் நினைப்பதில்லை. ஆகவே அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

டேவிட் மாய்ஸ் என்பவரின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும். பெர்குசனுக்குப் பின் அவர் இருக்கையில் அமர்ந்தவர் இவர். ஆறாண்டு ஒப்பந்தம் எழுதித் தந்தார்கள். 2014 ஏப்ரல் 22 அன்று, பத்துத் திங்களும் நிறையாத நிலையில், விலக்கினார்கள். அவசரம் என்று அன்று பலர் வருந்தினர். இரண்டாண்டு கழித்து அவர் சண்டர்லாந்து கழகத்துக்குச் சென்றார். அங்கே அவரை எவரும் அவசரப்படுத்தவில்லை. 2016–17 பருவம் முழுவதும் பொறுத்தார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து முதற்பிரிவில் இருந்த கழகம் அட்டவணையின் கடைசி இடத்தில் முடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அதற்கு மறு ஆண்டு இன்னொரு படியும் இறங்கியது. மீண்டும் முதற்பிரிவைக் காண அதற்கு 2025 வரை ஆயிற்று. அதே மாய்ஸ், வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு 2023 இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்று தந்தார். ஒரே மனிதர், ஓரிடத்தில் அவகாசம் குறைந்தது, ஓரிடத்தில் மிகுந்தது, ஓரிடத்தில் பொருந்தியது. அந்தந்த நாளில் அந்தந்தக் கழகத்தார் இதை எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

பொறுமை நற்பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எவர் செலவில் பொறுக்கிறோம் என்று கேட்பதும் கடமை. ஒரு கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சி வருவாய் சுருங்கும். புகழ்பெற்ற ஆட்டக்காரர் வேறு கழகத்துக்குப் போய்விடுவர். மானேஜருக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு கிடைக்கும். எங்கும் போக இயலாதவர் சீட்டுக் கொடுப்பவரும், சமையற்கூடத்தில் பணிபுரிபவரும், புல் வெட்டுபவருமே. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அவர்கள் வேலையில்தான் முதலில் கை வைப்பார்கள். அவர்களைக் கேளாமல் நிர்வாகிகள் காட்டும் பொறுமை, பிறர் பணத்தில் செய்யும் தர்மத்தைப் போன்றதே.

அவ்வாறாயின் விரைந்து நீக்குவதுதான் முறையா? அதையும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. நெதர்லாந்தின் முதற்பிரிவில் 1986 முதல் 2004 வரை நடந்த ஆட்டங்களை பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்று மானேஜரை மாற்றிய கழகங்கள் பின்பு சற்று மேலேறின என்பது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் மாற்றாமல் இருந்த கழகங்களும் அவ்வாறே மேலேறின. ஆழப் பள்ளத்தில் விழுந்தவன் அடுத்து எடுத்து வைக்கும் அடி பெரும்பாலும் மேல்நோக்கியதாகத்தான் இருக்கும். அதைக் கண்டு, துரத்தியதால் வந்த பலன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

2017 இல் கிரிஸ்டல் பேலஸ் கழகம் ஃபிராங்க் டி போர் என்பவரை நியமித்து, எழுபத்தேழு நாளில், நான்கே லீக் ஆட்டங்களுக்குப் பின் நீக்கியது. நான்கிலும் தோல்வி; ஒரு கோல்கூட இல்லை. அவருக்குப் பின் வந்த ராய் ஹாட்ஜ்சனும் தம் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் தோற்றார். அவற்றிலும் ஒரு கோல்கூட இல்லை. ஆனால் அவரை விட்டுவைத்தார்கள். பருவ முடிவில் கழகம் பதினோராம் இடத்துக்கு வந்தது. முன்னவருக்கு மறுத்த பொறுமையைப் பின்னவருக்கு அளித்ததன் காரணம் என்ன? வெட்கமா, வேறு வழியின்மையா, அல்லது மெய்யாகவே அவர் வேலையில் எதையேனும் கண்டார்களா? மூன்றாவதுதான் காரணமென்றால் அவர்கள் செய்தது சரி.

இங்கே நமக்குக் கஹ்ஃபு சூரா நினைவுக்கு வருகிறது. விளையாட்டை மார்க்கத்தோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். வெள்ளிதோறும் நம் வீடுகளில் ஓதப்படும் அச்சூராவில் மூஸா (அலை) அவர்கள், கிள்ரு (அலை) அவர்களுடன் பயணம் செல்ல விழைகிறார்கள். நீர் என்னுடன் பொறுமையாய் இருக்க மாட்டீர் என்பதே கிடைக்கும் மறுமொழி. அதற்குச் சொல்லப்படும் காரணத்தை நாம் பலமுறை ஓதியும் நின்று சிந்தித்ததில்லை: அறிவால் சூழ்ந்து அறியாத ஒன்றின் மீது ஒருவர் எவ்வாறு பொறுமை கொள்வார் என்பதே அது. மரக்கலம் உடைக்கப்படுவதைக் காண்பவர் கண்ணுக்கு அது உடைப்பு மட்டுமே. அப்பால் நல்ல மரக்கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் மன்னன் ஒருவன் இருக்கிறான் என்று அறிந்தவருக்கே அது காப்பு. ஸப்ரு என்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருத்தல் என்று எண்ணுகிறோம். அறிவோடு அதற்குள்ள உறவை மறந்துவிடுகிறோம்.

ஓல்ட் டிராஃபோர்ட்டில் நடந்தது இத்தகைய பொறுமை என்றே கருதுகிறேன். பெர்குசன் அறியப்படாதவராய் வந்தவர் அல்லர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் கழகத்துக்கு மூன்று லீக் பட்டங்களும், 1983 இல் ரியல் மாட்ரிட்டை வென்று ஒரு ஐரோப்பியக் கோப்பையும் பெற்றுத் தந்தவர். (அதற்கும் முன், 1978 இல், செயின்ட் மிரன் கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது என்பதை இன்று பலர் மறந்தனர்.) மான்செஸ்டருக்கு வந்ததும் ஆட்டக்காரரிடையே ஊறியிருந்த குடிப்பழக்கத்தோடு போராடினார், சிறுவரைத் தேடிக் கண்டறிவோரின் எண்ணிக்கையைப் பெருக்கினார். ரையன் கிக்ஸ் பதினான்கு வயதில் அவ்வாறு வந்தவர்தாம். சனிக்கிழமை மைதானத்துக்கு வந்த ரசிகர் கண்டது பதின்மூன்றாம் இடத்தை மட்டுமே. அந்நாளில் இயக்குநராய் இருந்த பாபி சார்ல்டன் போன்றோர் இச்சிறுவரையும் கண்டனர். ரசிகரிடம் குறை காண்பதற்கில்லை. சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் கண்ட அளவில் அவர் தீர்ப்பு நேர்மையானது. காண வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கண்டார்கள் என்பதே அக்கழகத்தின் நற்பேறு.

இதற்கு எதிராக பிரையன் கிளவின் கதையைச் சொல்வர். 1974 இல் லீட்ஸ் யுனைடெட் அவரை நாற்பத்து நான்கே நாளில் விலக்கியது. அவர் 1975 ஜனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்குச் சென்று, இரண்டாம் பிரிவில் கிடந்த அதனை 1978 இல் இங்கிலாந்தின் முதல்வராக்கி, 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பாவின் முதல்வராகவும் ஆக்கினார். லீட்ஸ் எத்துணைப் பெரிய பிழை செய்தது என்று வியப்பது வழக்கம். எனக்கோ அவ்வியப்பு இல்லை. அவ்வணியின் முந்தைய வெற்றிகளையெல்லாம் இழிவாகப் பேசிக்கொண்டே அவர் அங்கே நுழைந்தார். ஆட்டக்காரர் அவரை ஏற்கவில்லை. அவர் நீங்கிய அதே பருவத்தில் லீட்ஸ் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றது. கெட்டிக்காரர் ஒருவர் பொருந்தா இடத்தில் அமர்ந்தால், அவரை விடுவிப்பது அவருக்கும் செய்யும் நன்மைதான். இதனால் நாற்பத்து நான்கு நாளை ஓர் அளவாகக் கொள்ளச் சொல்கிறேன் என்று கருத வேண்டாம். நம் வீட்டுக்கு வரும் புது மருமகளின் ஆணத்துக்கு நாம் அதிலும் குறைந்த நாளே தருகிறோம் என்பது வேறு செய்தி.

எண்ணிக்கையாகக் கேட்டால், ஒரு முழுப் பருவமும், தாமே தேர்ந்த ஆட்டக்காரரோடு தொடங்கும் அடுத்த பருவத்தின் பாதியும் என்று சொல்வேன். முன்னவர் விட்டுச் சென்ற ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு தோற்பவரை முழுப் பொறுப்பாளி ஆக்குவது நீதியன்று. ஆனால் அக்காலத்துக்குள் நிர்வாகத்தார் சும்மா இருத்தல் கூடாது. பயிற்சிக் களத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு கோல் பின்தங்கிய பின்னும் ஆட்டக்காரர் ஓடுகிறார்களா? சென்ற திங்கள் செய்த பிழையையே இத்திங்களும் செய்கிறார்களா, புதுப் பிழை செய்கிறார்களா? இளைஞர் எவரேனும் வளர்ந்து வருகிறாரா? ஆர்சனல் கழகம் மிக்கேல் ஆர்டெட்டாவின் கீழ் இருமுறை எட்டாம் இடத்தில் முடித்து, 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டங்களிலும் கோலின்றித் தோற்று அட்டவணையின் அடியில் கிடந்தது. அவர் விலக்கப்படவில்லை. இளையோரைக் கொண்டே அணி கட்டப்பட்டு வந்ததைக் கழகத்தார் அறிந்திருந்தனர். 2023, 2024, 2025 ஆகிய மூன்று பருவ முடிவுகளிலும் அவ்வணி இரண்டாம் இடத்தில் நின்றது. பட்டம் அல்லதான், ஆனால் பொறுத்தது வீணன்று.

பார்த்தும் விலக்கத்தான் வேண்டும் என்றால் விலக்கலாம். எவ்வாறு விலக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மாய்ஸ் நீக்கப்படப் போகிறார் என்பதைக் கழகம் அறிவிப்பதற்கு முந்தின நாளே செய்தியாளர்கள் எழுதிவிட்டனர். உலகப் புகழ்பெற்ற கழகமொன்றுக்கு இது அழகில்லை.

காதிஸிய்யாப் போரின் தளபதி ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபாவின் ஆளுநராய் இருந்தபோது, அந்நகரத்தார் சிலர் அவர்கள் மீது கலீபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டனர். சரியாகத் தொழவைப்பதில்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. உமர் (ரலி) அவர்கள் ஆளுநரை மாற்றிவிட்டு, ஸஅது அவர்களை அழைத்து நேரில் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைத்ததைப் போன்றே தொழவைப்பதாக அவர்கள் விளக்கினார்கள். உம்மைப் பற்றி என் எண்ணமும் அதுவே என்று கலீபா கூறினார்கள். அத்துடன் விடவில்லை. ஆளனுப்பிக் கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் விசாரிக்கச் செய்தார்கள். எங்கும் நற்சொல்லே கிடைத்தது. ஒரே ஒரு பள்ளியில் ஒருவர் மட்டும் எழுந்து பழி கூறினார். ஆயினும் ஸஅது அவர்கள் மீண்டும் ஆளுநராய் அனுப்பப்படவில்லை. நகரத்தாரோடு பொருந்தாத ஆளுநரை அவர்கள் தலைமீது வைத்திருக்க உமர் (ரலி) அவர்கள் விரும்பவில்லை போலும்.

பின்னர் உமர் (ரலி) அவர்கள் கத்திக்குத்துண்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த கலீபாவைத் தேர்வதற்காக ஆறு பேரைப் பெயர் சொல்லி நியமித்தார்கள். அவர்களுள் ஸஅது அவர்களும் ஒருவர். பொறுப்பு அவரைச் சேர்ந்தால் நன்று, வேறு எவரைச் சேர்ந்தாலும் அவர் உதவியைப் பெற்றுக்கொள்ளட்டும் என்று கூறிவிட்டு, தாம் அவரை விலக்கியது திறமைக் குறைவாலும் அன்று, நம்பிக்கைத் துரோகத்தாலும் அன்று என்பதை அங்கிருந்தோர் அனைவரும் கேட்கச் சொன்னார்கள்.