போதும் என்று சொல்பவர் யார்?

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள்.

பிறகு அந்தப் பெண்களே கூடிப் பேசி விதி வகுத்தார்கள்: மாதம் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை, பவளப்பாறையைப் பெயர்க்கும் இரும்புக் கருவி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். இந்தப் பணிக்காகச் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது.

விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்குபவளுக்கு ஒரு நாள் குறைந்தால் அன்றைய அரிசி குறையும். இதைப் பெண்களின் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் இது அவர்கள் எடுத்த அரசியல் முடிவு. வயிறு நிறைந்தவர் பசித்தவரிடம் ‘போதும்’ என்றால் அது அதிகாரம். இழப்பைச் சுமப்பவர்களே கூடி அதைச் சொல்லும்போதுதான் சூழல் பாதுகாப்பு சனநாயகமாகிறது.