விதி எது?

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையைக் கண்டதும் 'முன்வினை' என்று கூறி அமைந்துவிடுவோர் உளர். நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி அவ்வாறு அமையவில்லை. தன் இரு குழந்தைகளிடம் வீசும் விந்தையான வாடைக்குக் காரணம் யாதென மருத்துவர்களைக் கேட்டவாறே இருந்தாள். 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவர் அவர்களது சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கலந்தார், அது பச்சையாயிற்று. உணவுப் புரதத்திலுள்ள ஃபினைல்அலனினைச் சிதைக்க இயலாத மரபுக்குறை அது. தேங்கும் அப்பொருளே வளரும் மூளையைக் கெடுக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. தாயை மட்டும் பழிக்கும் நம் வழக்கம் எத்துணைக் கொடிது!

இன்று பல நாடுகளில், பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் எடுக்கும் இரத்தத் துளிகளால் இதனைக் கண்டறிந்து உணவை மாற்றுகின்றனர். மரபணு மாறுவதில்லை, அறிவோ பெரும்பாலும் இயல்பாகவே வளர்கிறது. அங்ஙனமாயின் விதி என நாம் அழைத்தது மரபணுவையா, நமது அறியாமையையா? அத்தகைய உணவு 1950-களில்தான் வந்தது. அந்தத் தாயின் குழந்தைகளுக்கு அது காலங்கடந்த விடை.