வளைவது யாருக்காக

நெகிழ்வை ஒரு நற்குணமாகவே பேசிவருகிறோம். வளைந்து கொடுப்பவன் பிழைத்துக்கொள்வான் என்பது வீட்டிலும் ஆபீஸிலும் ஒருங்கே ஓதப்படுகிற பாடம். என் கைக்கென்று ஒரு விசைப்பலகை செய்யத் தொடங்கியபோது இந்தப் பாடத்தின்மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

1874-ல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சு இயந்திரத்தில் விசைகள் வரிசைக்கு வரிசை விலகி நின்றது, அடியிலிருந்த நெம்புகோல்களின் இடவசதிக்காக. நெம்புகோல்கள் போய்விட்டன, விலகல் நிற்கிறது. விரல்கள்தாம் அதற்கு ஒத்துப்போகின்றன. 1970களில் இங்கிலாந்தில் லிலியன் மால்ட், விரல்களின் நீள வேறுபாட்டை ஏற்றுக் குழிந்த பலகை ஒன்றை ஸ்டீஃபன் ஹாப்டேயுடன் சேர்ந்து உருவாக்கினார்.

குழிவில் தட்டையான ஸர்க்யூட் பலகை உட்காராது. விசைக்கு விசை கம்பி இழுத்துப் பற்றவைக்க வேண்டும். அல்லது பாலிஇமைடு படலத்தில் மெல்லிய செம்பு படிந்த நெகிழ் ஸர்க்யூட்டைப் பொருத்த வேண்டும். அதற்கும் எல்லைகள் உண்டு. தாளால் பந்தை மூட முடியாததுபோல, முழுப் படலமாக அது கிண்ணத்தில் படியாது. விரலுக்கொரு கீற்றாக வெட்ட வேண்டும். அகன்ற வளைவில் ஒருமுறை வளைந்து அப்படியே நின்றுவிட்டால் செம்பு நெடுநாள் தாங்கும். கூர்மையாக மடித்தாலோ, ஓயாமல் வளைத்து நிமிர்த்தினாலோ விரிசல் விடும். விசை பற்றவைக்கும் இடத்தில் பின்புறம் ஒரு விறைப்புத் தகடும் வேண்டும். அங்கே நெகிழ்ந்தால் பற்று விட்டுவிடும்.

ஆக, நெகிழ்வதற்கும் ஓரிடத்தில் விறைப்பு வேண்டும். இத்தோடு நிறுத்தினால் நல்ல உபதேசம், குமாஸ்தாவுக்கு ஆறுதலும்கூட. ஆனால் அசலான கேள்வி வேறு. படலம் வளைவதால் கை வளையாமலிருக்கிறது. யார் வளைவதால் யார் நிமிர்ந்திருக்கிறார்கள் என்று கேட்காமல் வளைதலை மதிப்பிட முடியாது.

மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளை யாருடைய பாதத்தையும் அளந்து வெட்டவில்லை. பாதம்தான் காய்த்துப் பாத்திக்குப் பொருந்துகிறது. சென்ற கோடையில், ஆயுள் முழுக்க உப்பு வாரிய ஓர் அம்மாள் தம் பணத்தை எடுக்க என் மேஜைக்கு வந்தார். விரல்ரேகைக் கருவி மூன்று முறையும் அவரை ஏற்கவில்லை.

"துடைச்சிட்டு நல்லா அழுத்துங்கம்மா" என்றேன்.

"ரேகையே தேஞ்சிப்போச்சி சார்" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

தேய்ந்தது உழைப்பினால், குற்றமாகப் பதிவானது அவர் விரலில். அதை அவர் நம்பும்படி செய்தது கருவி அல்ல, என் குரல். ஒரு கைக்காகவே பலகை செய்துகொள்பவனுக்கு, எல்லோருக்கும் பொதுவென்று வைத்த கருவி ஒரு கையை மறுப்பது முதல் முறையிலேயே உறைத்திருக்க வேண்டும். நான்காம் முறையும் அழுத்தச் சொன்னேன்.

அன்று இரவு வீட்டில், எட்டச் சிரமமாயிருந்த கட்டைவிரல் விசையைக் கால் அங்குலம் உள்ளே நகர்த்திப் பொருத்தினேன்.