காவலும் கட்டளையும்

கடல்மட்டத்திற்கு மேல் 5,300 அடிக்கும் அதிகமான உயரத்தில், குனிந்து நுழையவேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் கோயில்கொண்டிருக்கும் மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணொருத்தி, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குகிறாள் என்று கொள்வோம். துணியைத் தடவிப்பார்த்து வாங்குவதுபோல், அவள் பெறப்போகும் கல்வியைப் பெற்றோர் சோதித்து வாங்குவதற்கில்லை. அவர்கள் ஸ்தானத்தில் நின்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும். உயர்கல்வியை அரசாங்கம் மேற்பார்வையிடுவதற்கு இதைவிட வலிய தார்மிக ஆதாரம் வேறில்லை.

அம்மேற்பார்வை அற்றுப்போன இடத்தில் நேர்ந்ததற்குச் சத்தீஸ்கர் சாட்சி. 2002-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் துணையால், அரசிதழ் அறிவிப்பு ஒன்றே போதுமென்று, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் சர்வகலாசாலைகள் அங்கே முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஆதாரமான சட்டப் பிரிவுகளைச் செல்லாவென்று தீர்த்தது. நம்மிடத்திலும், 1929-இல் சிதம்பரத்தில் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பொருள் நெருக்கடியில் ஆழ்ந்தபோது, 2013-இல் அரசாங்கம் தலையிட்டு ஏற்காதிருந்தால் மாணவரும் ஊழியரும் நிர்க்கதியாகியிருப்பார்கள்.

ஆயினும், காவலுக்கு வந்தவர் வீட்டின் சாவிக்காகச் சண்டையிடத் தொடங்கினால், அதனை மேற்பார்வை என்று அழைப்பது நியாயமாகாது. துணைவேந்தரைத் தெரிவுசெய்யும் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இடம்பெற வேண்டுமா, நியமன அதிகாரம் வேந்தராகிய ஆளுநருக்கா மாநில அரசுக்கா என்ற வழக்கு நீண்டுகொண்டே போக, 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆசனம் 2023 ஆகஸ்டு முதல் நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. இரு தரப்பாரும் சட்டத்தைச் சொன்னார்கள். மாணவரின் நஷ்டத்துக்கு இரு தரப்பாரும் பொறுப்பாளிகளே.

மேற்பார்வையின் மற்றொரு பிழை, பார்வைக்கு எளிதானதை மட்டும் பார்ப்பது. முன்னறிவித்து வரும் ஆய்வுக்குழுவுக்காகச் சுவரில் வெள்ளையடிக்கலாம், கோப்புகளை அடுக்கலாம். வகுப்பில் கேட்கப்படாத கேள்வியை எக்கோப்பும் காட்டாது. ஆசிரியர் எதைக் கற்பிப்பது, எதை ஆராய்வது என்பதில் அரசாங்கம் கைவைக்க வேண்டாம். ஆனால் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடம் எத்தனை, வாங்கிய கட்டணம் எங்கே போயிற்று என்று கேட்கத் தயங்கவும் வேண்டாம். அறிவிப்பின்றி ஒரு சாதாரண நாளில் வகுப்பறைக்கு வாருங்கள். கண்டதை, மலையிலிருக்கும் அந்தப் பெற்றோர் வாசிக்கத்தக்க தமிழில் வெளியிடுங்கள்.